பாறைக்கு ஒரு செட்டிங், மணலுக்கு ஒரு செட்டிங்: ஏ.டி.வி. சஸ்பென்ஷனில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியாவில் 2000-ல் திறக்கப்பட்ட ஹாட்ஃபீல்டு-மெக்காய் பாதைகளில் பாறை, மரவேர், சேறு மூன்றும் மாறி மாறி வரும். கலிபோர்னியாவின் கிளாமிஸ் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் மணல்மேடுதான். இந்த இரண்டு இடத்திலும் ஏ.டி.வி.யை (கரடுமுரடான பாதைக்கான நாற்சக்கர வண்டியை) ஒரே சஸ்பென்ஷன் செட்டிங்கில் ஓட்டினால் கை மரத்துப்போகும், இடுப்பு வலிக்கும். சரிவில் வண்டி கவிழவும் கூடும்.

செய்ய வேண்டியவை

• முதலில் டயர் காற்றைப் பாருங்கள். ஏ.டி.வி. டயரில் இருப்பதே பெரும்பாலும் 5 பி.எஸ்.ஐ. அளவுதான். அதில் 2 கூடினாலே வண்டி தூக்கிப்போடும். பழி ஷாக் அப்சார்பர் மேல் விழும்.

• அடுத்து, நீங்கள் ஏறி உட்கார்ந்தால் வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்துவிடுங்கள். மற்ற எல்லாமே இதற்குப் பிறகுதான். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே ஃபிரேமில் ஒரு புள்ளி வரை டேப் பிடியுங்கள். பிறகு கீழே இறக்கி ஹெல்மெட், பூட்ஸ், தண்ணீர்ப் பை, டூல்ஸ் என்று பாதையில் போகும்போது இருக்கும் முழுச் சுமையோடு ஏறி உட்காருங்கள். உடனே அளக்க வேண்டாம். வண்டி இறங்கும்போது முன்சக்கரங்கள் பக்கவாட்டில் விரியப் பார்க்கும், தரை அவற்றைப் பிடித்துக்கொள்ளும். ஓரடி முன்னும் பின்னும் உருட்டியபின் நண்பர் அதே இடத்தை அளக்கட்டும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம், சக்கரம் மேலும் கீழும் அசையும் மொத்தத் தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம். 9 அங்குலம் அசையும் சக்கரத்துக்கு 3 அங்குலம். கூடுதலாக அமுங்கினால் பிரீலோடை (ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை) ஏற்றுங்கள், குறைவென்றால் இறக்குங்கள்.

• பாறை, வேர் நிறைந்த மெதுவான பாதையில் கம்ப்ரெஷனை (ஷாக் அமுங்கும்போது தரும் எதிர்ப்பை) தளர்த்துங்கள். சக்கரம் கல்லின் மேல் தானாக ஏறி இறங்க வேண்டும். அந்த அடி ஹேண்டில்பார் வரை வரக்கூடாது.

• மணலில் வேகமாகப் போகும்போது வரிசையாக வரும் மேடுபள்ளங்களுக்கு கம்ப்ரெஷன் இறுக்கமாக இருக்கட்டும். ஆனால் ரீபவுண்டையும் (ஷாக் திரும்ப நீளும்போது தரும் எதிர்ப்பையும்) சேர்த்து இறுக்கிவிடாதீர்கள். ஒரு மேட்டில் அமுங்கிய ஷாக், அடுத்த மேடு வருவதற்குள் நீண்டாக வேண்டும். நீளாவிட்டால் மேட்டுக்கு மேடு வண்டி தாழ்ந்துகொண்டே போய், கடைசியில் அடி வாங்கும். பின்பக்கம் குதிரை மாதிரி உதைத்தால் ரீபவுண்ட் தளர்ந்திருக்கிறது. ஒன்றிரண்டு கிளிக் இறுக்குங்கள்.

• எதையும் மாற்றும் முன், கம்ப்ரெஷன், ரீபவுண்ட் நாபைப் பலவந்தம் இல்லாமல் கடைசி வரை உள்ளே திருப்பி, அங்கிருந்து வெளியே எத்தனை கிளிக் என்று எண்ணிக் குறித்து வையுங்கள். வீட்டுக்குத் திரும்ப வழி தெரிந்தால்தான் தைரியமாக மாற்றிப் பார்க்க முடியும்.

செய்யக்கூடாதவை

• பிரீலோடை ஏற்றினால் ஸ்ப்ரிங் கெட்டியாகும் என்று நம்பாதீர்கள். ஸ்ப்ரிங் அதேதான், வண்டி மட்டுமே உயரும். உயர்ந்த வண்டி குறுக்குச் சரிவில் சீக்கிரம் சாயும். கடைசிப் படி வரை ஏற்றியும் அதிகமாக அமுங்கினால், உங்கள் எடைக்கேற்ற ஸ்ப்ரிங் வாங்குவதே வழி.

• இடது ஷாக்கில் ஒரு செட்டிங், வலதில் இன்னொரு செட்டிங் என்று வைக்காதீர்கள்.

• ஒரே நேரத்தில் இரண்டு நாபைத் திருகாதீர்கள். எது வேலை செய்தது என்று தெரியாமலே போகும்.

• வண்டியைக் கிளப்பிய கையோடு தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஷாக்குக்குள் இருக்கும் எண்ணெய் சூடானால் இளகும். கொஞ்ச தூரம் ஓட்டியபின் முடிவெடுங்கள்.

• எண்ணெய் கசியும் ஷாக்கை வீட்டில் பிரிக்கவே பிரிக்காதீர்கள். பல ஷாக்குகளில் நைட்ரஜன் அதிக அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். அது பட்டறை வேலை.

உங்கள் வண்டியில் நாப் எதுவும் இல்லாமல் படிப்படியாகத் திருப்பும் பிரீலோடு வளையம் மட்டும் இருந்தாலும் கவலை வேண்டாம். அமுங்கும் அளவைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்தது. அடுத்த முறை பாதைக்குக் கிளம்பும் முன் ஒரு டேப்பை எடுத்து, ஒரு நண்பரைக் கூப்பிட்டு அளந்து பாருங்கள்.