நீலகிரிக்கு எந்த மாதத்தில் செல்வது?

நம் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், தமிழ்நாட்டிலுள்ள நீலகிரி மலைக்கு மேல்வகுப்பு மாணவர்களும் பெற்றோர்களும் ஒரு கல்விப் பயணம் மேற்கொள்வதெனத் தீர்மானம் நிறைவேறியது. எந்த மாதத்தில் செல்வது என்ற வினா எழுந்தபோது, "எந்த மாதமானால் என்ன ஐயா? மலை என்றால் குளிரும், மழையும் பெய்யும். நம் மலையைப் போலத்தானே அதுவும் இருக்கும்?" என்று ஒரு தந்தையார் கேட்டார். கேமரன் மலையிலேயே பிறந்து, தேயிலைத் தூர்களுக்கிடையே வளர்ந்தவர்க்கு அவ்வாறு தோன்றுதல் இயல்பே. அன்று நேரமின்மையால் முழுமையாகக் கூற இயலாத விடையை இங்கே எழுதுகின்றோம்.

மாணவச் செல்வங்களே, உலகப் படத்தை விரித்துப் பாருங்கள். நம் மலை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ நாலரைப் பாகையில் உள்ளது. ஆகவே நமக்குக் கோடை என்றும் குளிர்காலம் என்றும் வேறுபாடில்லை. தானா ராத்தாவில் சனவரியானாலும் சூலையானாலும் பகலில் ஏறத்தாழ 22 பாகை, இரவில் 15 பாகை வெப்பமே நிலவுகிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகுமேயன்றி, முற்றிலும் வறண்ட மாதம் என ஒன்று நமக்கில்லை.

நீலகிரியோ பதினொன்றரைப் பாகையில் உள்ளது. உயரத்திலும் அது நம்மை விஞ்சியது. குனோங் பிரிஞ்சாங் உச்சிக்கு நாம் சென்றபோது, "இதைவிட உயரம் உண்டா, சார்?" என்று மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டது நினைவிருக்கலாம். அவ்வுச்சி 2,031 மீட்டர். உதகமண்டலமோ 2,240 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர். அதாவது, நம் மலையுச்சியில் நிற்பவனைவிட ஊட்டிக் கடைத்தெருவில் காய்கறி வாங்குபவன் 200 மீட்டர் மேலே நிற்கின்றான்!

இந்தியாவில் சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றும் மழையைக் கொணர்கின்றன. நீலகிரியின் நடுவே தொட்டபெட்டா என்னும் 2,637 மீட்டர் உயரமுள்ள சிகரமும் அதன் தொடரும் சுவர்போல் நிற்கின்றன. ஆதலால், முதற்காற்று மேற்கிலுள்ள கூடலூர், அவலாஞ்சிப் பகுதிகளை நனைக்கிறது; இரண்டாங்காற்று கிழக்கிலுள்ள குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளை நனைக்கிறது. மலை ஒன்று, மழைக்காலம் இரண்டு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. நம் மலையில் ஏறத்தாழ நான்கு மாதங்களில் பெய்யும் மழை அது! 2009 நவம்பரில் கிழக்குப் பகுதியில் பெய்த பெருமழையால் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2013 அக்டோபரில் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்றுவெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனதைக் கண்ட நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இப்பாடத்தை நாம் ஏட்டில் மட்டும் படித்தோம் அல்லோம். நம் நாட்டில் ஆண்டிறுதி விடுமுறை நவம்பரில் தொடங்கிய காலத்தில், குடும்பத்தாருடன் ஒருமுறை நாமே புறப்பட்டோம். மலை இரயிலில் ஏறவேண்டும் என்பது நம் நெடுநாள் ஆவல். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். 1899 இல் குன்னூர் வரையும் 1908 இல் ஊட்டி வரையும் அமைந்த பாதை. 208 வளைவுகள், 16 குகைகள். கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை கொண்ட இரும்புச் சட்டம் உண்டு. வண்டியின் அடியிலுள்ள பற்சக்கரம் அதனைக் கவ்விக் கவ்வி மேலே ஏறும். இவற்றையெல்லாம் பிள்ளைகளுக்கு வழிநெடுகச் சொல்லிக்கொண்டு மேட்டுப்பாளையம் சேர்ந்தால், பாதையில் மண் சரிந்து இரயில் நின்றுவிட்டது! சாலையும் அடைபட்டது. மூன்று நாள் விடுதி அறையில் அமர்ந்து, மேகம் மூடிய மலையைச் சன்னல் வழியே நோக்கிவிட்டுத் திரும்பினோம். மாதம் பாராமல் சீட்டு வாங்கியது நம் பிழையே. இன்றும் நம் இல்லத்தில் அதனைச் சொல்லி நகைப்பார்கள்.

ஏப்ரல், மே மாதங்களே ஊட்டிக்குப் பெயர்பெற்ற 'சீசன்' காலம். 1848 இல் தோன்றிய அரசினர் தாவரவியல் பூங்காவில் மலர்க்காட்சி மே மாதத்தில் நடைபெறும். நம் இடையாண்டு விடுமுறையும் மே இறுதியில் வருவதால் பலர் அதனையே விரும்பினர். ஆனால் அக்காலத்தில் கூட்டம் அளவிறந்தது. அறை வாடகையும் பன்மடங்காகும். நீதிமன்ற ஆணையால் 2024 மே முதல் வெளியூர் வாகனங்கள் மின்னனுமதிச் சீட்டுப் பெற்றே மலையேற வேண்டியுள்ளது. 2025 கோடையில் நாளொன்றுக்கு 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என வரம்பும் விதிக்கப்பட்டது. மலரைக் காணச் சென்று மனிதர் முதுகைக் கண்டு திரும்புவதில் நமக்கு உடன்பாடில்லை.

2026 முதல் பள்ளித் தவணை மீண்டும் சனவரியில் தொடங்குவதால், நீண்ட விடுமுறை டிசம்பரில் அமைகிறது. டிசம்பர் பிற்பாதியில் பெரும்பாலும் மழை தணிந்துவிடும். அப்போது ஊட்டியின் பள்ளப் பகுதிகளில் விடியற்காலையில் புல்லெல்லாம் வெண்மையாக உறைபனி படர்ந்திருக்கும். நம் பிள்ளைகள் கண்டிராத காட்சி! தேயிலைக்கு அது பகை, இளங்கொழுந்து கருகிவிடும். ஆயினும் அக்குளிரில் மெல்ல வளரும் கொழுந்திலிருந்து செய்யும் தேயிலைக்கு மணம் மிகுதி. ஆண்டு முழுதும் ஒரே சீராய்த் துளிர்க்கும் நம் செடிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட ஏற்ற காலம் இல்லை. ஆகவே டிசம்பர் இறுதி வாரமே நம் கருத்து. மலை இரயிலை மட்டும் நம்பாது, பேருந்துக்கும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பட்டறிவு பேசுகிறது!

செலவைப் பொறுத்தவரை, ஆளுக்கு மாதம் 80 வெள்ளி வீதம் 24 மாதம் சேமித்தால் 1,920 வெள்ளியாகும் என ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் கணக்கிட்டுத் தந்தனர். அதற்குள் அடக்க முயல்வோம்.

பணத்தினும் பெரிது கடப்பிதழ். அதற்கு அடையாள அட்டையும் பிறப்புப் பத்திரமும் வேண்டும். சேமிப்புக்கு முதன்முதலில் 50 வெள்ளி தந்தவர், நம் பள்ளி மாணவி ஒருத்தியின் பாட்டியார். முப்பதாண்டுகள் கொழுந்தெடுத்தவர். அவர்தம் அடையாள அட்டையின் நிறம் சிவப்பு. குடியுரிமை இல்லாதார்க்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது. அவரது விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. இந்நாட்டு மண்ணில் பிறந்தும், உரிய காலத்தில் பதியாமையால் இந்நிலை. பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளின் பத்திரங்களை இப்போதே எடுத்துப் பாருங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பினும் எம்மிடம் கூறுங்கள். படிவம் நிரப்ப உதவுவோம். பயணத்திற்காக மட்டும் இதனைச் சொல்லவில்லை.

இத்தாளின் பொருட்டு அலைக்கழிந்த மக்களை நீலகிரியிலேயே காணலாம். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாய் உழைத்த தமிழர்கள், 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று; எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு 1974 இல் பேசினர். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோர்க்கு வேலை தரும்பொருட்டுத் தமிழ்நாட்டரசு 1968 இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. பின்னர் அதுவே 'டான்டீ' எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் வட்டாரங்களில் அம்மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் வாழ்கின்றனர்.

பூங்காவிற்கு அரைநாள் போதும். கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில் ஒரு முழுநாள் தங்கிப் பேச அனுமதி கேட்டு எழுதவிருக்கின்றோம். அவர்களிடம் கேட்கவேண்டிய வினாக்களை ஆறாம் ஆண்டு மாணவர்கள் தொகுத்து வருகின்றனர். நம் தோட்டங்களில் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. "அங்கே கையால்தான் கிள்ளுகிறார்களா, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வா, ஆயி" எனப் பாட்டியார் பேத்தியிடம் சொல்லியனுப்பியுள்ளார். பட்டியலில் அது முதல் வினாவாக இடம்பெற்றுள்ளது. அடுத்த கூட்டத்திற்கு வரும்போது பிறப்புப் பத்திரத்தை மறவாமல் எடுத்து வாருங்கள்.