உப்புத் தண்ணியும் வீட்டுச் சாதனங்களும்

கோவைப் பக்கம் பல வீடுகளில் இரண்டு விதத் தண்ணீர் உண்டு. சிறுவாணி, பில்லூர் அணைகளில் இருந்து வருவது ‘நல்ல தண்ணி’. போர்வெல்லில் இருந்து வருவது ‘உப்புத் தண்ணி’. முதலாவது குடிக்க, சமைக்க. இரண்டாவது குளிக்க, துவைக்க. ஹீட்டர், கீசர், வாஷிங் மெஷின் எல்லாம் உப்புத் தண்ணியில்தான் உழைக்கின்றன. அவை ஏன் சீக்கிரம் கெடுகின்றன என்பதை, நாம் முதலாண்டில் படித்த வேதியியலைக் கொண்டே பார்ப்போம்.

கடினத்தன்மை என்றால் என்ன?

உப்புக் கரிப்பு வேறு, கடினத்தன்மை வேறு. சமையல் உப்பைக் கரைத்தால் தண்ணீர் கரிக்கும். ஆனால் கடினநீர் ஆகாது. நிலத்தடிப் பாறைகளில் இருந்து கரைந்து வரும் கால்சியம், மெக்னீசியம் அயனிகளே கடினத்தன்மைக்குக் காரணம். இவை சோப்போடு சேர்ந்து திப்பி திப்பியாகப் படியும், நுரை வராது. பைகார்பனேட்டாக இருந்தால் தற்காலிகக் கடினத்தன்மை. கொதிக்க வைத்தால் நீங்கும். குளோரைடு, சல்பேட்டாக இருந்தால் நிரந்தரக் கடினத்தன்மை. கொதிக்க வைத்தாலும் போகாது.

அளப்பது எப்படி?

ஆய்வகத்தில் நாம் செய்த ஈ.டி.டி.ஏ. தரம்பார்த்தல்தான் வழி. 20 மி.லி. தண்ணீரில் பஃபர் கரைசலும் எரியோகுரோம் பிளாக்-டி நிறங்காட்டியும் சேர்த்தால் ஒயின் சிவப்பு வரும். 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ. விட விட அது நீலமாகும். 10 மி.லி. செலவானால் கடினத்தன்மை லிட்டருக்கு 500 மி.கி. அதே தண்ணீரைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, பழைய அளவுக்குக் கொண்டுவந்து மறுபடி பார்க்கையில் 4 மி.லி. என்றால், நிரந்தரம் 200, தற்காலிகம் 300. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 (2012), 200 மி.கி. வரை ஏற்கிறது, வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கிறது.

சாதனங்களுக்கு என்ன கேடு?

மேலே சொன்ன தண்ணீரில் தினமும் 15 லிட்டர் சுட வைத்தால், அதில் படியக்கூடிய சுண்ணாம்பு 4.5 கிராம், மாதம் 135 கிராம். நாம் கொதிநிலை வரை போவதில்லை, படிவது எல்லாம் ராடில் ஒட்டுவதும் இல்லை. ஆனாலும் ஒட்டும் பங்கே போதும். சுண்ணாம்புப் படிவம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. உள்ளே இருக்கும் காயில் அளவுக்கு மீறிச் சூடாகி ஒருநாள் எரிந்துபோகும். கரண்ட் பில் ரொம்ப ஏறும் என்று சொல்வார்கள். ராடு தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் வெப்பம் பெரும்பாலும் தண்ணீருக்குத்தான் போகும், ஆயுள்தான் குறையும். ஆலைக் கொதிகலனில் கதை வேறு. அங்கே வெப்பம் புகையோடு போய்விடும், எரிபொருள் வீண்.

வாஷிங் மெஷினில் சோப்புத் தூள் அதிகம் செலவாகும். ஷவர் துளை, நீராவி இஸ்திரிப் பெட்டியின் துளை அடைத்துக்கொள்ளும்.

வாசலில் காட்டும் வித்தை

கருவி விற்க வருகிறவர் டி.டி.எஸ். மீட்டரைக் காட்டுவார். அது கரைந்துள்ள எல்லா உப்புகளையும் மின்கடத்தலை வைத்துச் சொல்லுமே தவிர, கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது. இன்னொருவர் இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சுவார். குழாய்த் தண்ணீர் பழுப்பாகக் கலங்கும், ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாக இருக்கும். பார்த்தவர் பயந்துபோவார். அந்தப் பழுப்பு தண்ணீரின் அழுக்கல்ல; இரும்புக் கம்பி கரைந்த துரு! ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது; அவ்வளவுதான். அதிலும் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுச் செய்து காட்டச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும்.

என்ன செய்யலாம்?

• ராடின் பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டு, லிட்டருக்கு இரண்டு ஸ்பூன் எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரில் ஊற வைத்தால் படிவம் கரையும். கழுவித் துடைத்த பிறகே மறுபடி பயன்படுத்த வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட் கூடாது, உலோகத்தை அரிக்கும்.

• கீசரைத் தேவைக்கு மேல் சூடாக வைக்க வேண்டாம். சூடு கூடக் கூடப் படிவமும் கூடும்.

• மழைநீர் மென்னீர். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கூரை நீரைத் தொட்டியில் பிடித்தால் துணி துவைக்க அருமையாக இருக்கும்.

• அளந்து பார்த்து, கடினத்தன்மை மிக அதிகம் என்றால் மட்டும் அயனி மாற்று சாஃப்ட்னர் பற்றி யோசிக்கலாம். அதிலுள்ள பிசினை அடிக்கடி உப்புநீர் விட்டுப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் ஈ.டி.டி.ஏ. என்ற பெயரைக் கேட்டவர் நாம் ஒருவர்தான். ஆயிரக்கணக்கில் பணம் கட்டிக் கருவி வாங்குமுன் அம்மா அப்பா நம்மைத்தான் கேட்பார்கள். அப்போது, “முதலில் அளந்து பார்க்கலாம்” என்று சொல்ல நமக்குத் தெரிய வேண்டும். ஆய்வகப் பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டு, அவரவர் வீட்டுத் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுவந்து பாருங்கள். ரெக்கார்டு நோட்டில் எழுதிய சோதனை வீட்டுக்கும் பயன்படட்டும்.