அடுப்படியில் ஓர் அமுக்கச் சீராக்கி

டயகமவின் மார்கழிக் குளிரில் விறகடுப்பை நம்பியிருந்த லயங்களிலும் இன்று எரிவாயுச் சிலிண்டரைக் காண்கின்றோம். அதன் தலையில் பொருத்தப்படும் ரெகுலேற்றரை வெறுந் திறப்புக் குமிழென்றே பலரும் எண்ணுவர்.

சிலிண்டருள் இருப்பது பெரும்பாலும் திரவம். அதன்மேல் நிற்கும் ஆவியின் அமுக்கம் வெப்பநிலையையும் கலவையையும் பொறுத்தது. 15 பாகைச் சதமத்தில் தனிப் பியூற்றேனின் ஆவி வளிமண்டல அமுக்கத்தை ஒரு பார் அளவுக்குங் குறைவாகவே விஞ்சும். தனிப் புறொப்பேனோ ஆறு பாருக்கு மேல் விஞ்சும். அடுப்பு வேண்டுவது ஏறக்குறைய ஓரடி நீர்நிரலின் அமுக்கமே!

இடைநின்று இதனைச் சீராக்குவது ஓர் இறப்பர் மென்றகடு. அதன்மேல் விற்சுருள்; கீழே வாயு. அடுப்புப் பக்கத்து அமுக்கம் ஏறின் மென்றகடு உயர்ந்து வால்வை நெருக்கும். இறங்கின் விற்சுருள் அதனைத் தாழ்த்தி வழிவிடும். மூடியிலுள்ள நுண்டுளை மென்றகட்டின் மூச்சு வழி. பூச்சிக் கூடு அதை அடைத்தால் மென்றகடு தடுமாறும். வாயு கசியுமென அஞ்சி அத்துளையை மெழுகிட்டு மூடிய கெட்டிக்காரரும் உளர்.

2021 கார்த்திகை, மார்கழியில் இலங்கையெங்கும் எரிவாயு வெடிப்புச் செய்திகள் வந்தபோது, கலவையிற் புறொப்பேன் மிகுந்ததோ என்ற வினா எழுந்தது. குழாயையும் ரெகுலேற்றரையும் பலர் உற்றுநோக்கியது அப்பொழுதுதான்.

இவ்வாயு காற்றினுங் கனமானது. குளிருக்கஞ்சிக் கதவடைத்த காம்பராவில் தரையோடு தேங்கும். மணம் வரின் மின்விளக்கின் சுவிச்சைத் தொடாது, ரெகுலேற்றரை மூடிக் கதவைத் திறத்தல் வேண்டும். குழாயின் நுண்கீறலைச் சவர்க்கார நுரை காட்டிவிடும். தீக்குச்சியாற் சோதித்தல் ஒருபோதும் ஆகாது.