செலவில்லாத கிறிஸ்துமஸ் பிள்ளைகளுக்குக் குறையாகுமா?

கேள்வி: எங்களுக்குப் பத்து வயதில் ஒரு மகள், ஆறு வயதில் ஒரு மகன். டிசம்பர் பிறந்தாலே புதுத்துணி, கேக், பரிசு, மால் என்று செலவு கைமீறிப் போகிறது. இந்த ஆண்டு வீட்டில் பண நெருக்கடி. காசு செலவழிக்காமல் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யக்கூடியவை என்னென்ன? அப்படிச் செய்தால் மற்றப் பிள்ளைகளைப் பார்த்து இவர்கள் ஏங்கிப்போக மாட்டார்களா?
— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தீராமல் முதல் கேள்விக்கு எவ்வளவு நீளமாகப் பட்டியல் போட்டாலும் உங்கள் மனம் ஆறாது. டிம் காஸர், கென்னன் ஷெல்டன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 18 முதல் 80 வயது வரையுள்ள 117 பேரிடம் கிறிஸ்துமஸ் எப்படிக் கழிந்தது என்று விசாரித்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். குடும்பத்தோடு இருந்ததும் வழிபாடும் முன்னால் நின்றவர்கள் கூடுதல் மகிழ்ச்சியைச் சொன்னார்கள். பணம் செலவழிப்பதும் பரிசு வாங்குவதும் முன்னால் நின்றவர்களுக்கு மனநிறைவு குறைவாகவே இருந்தது. இதை வைத்துக்கொண்டு ‘செலவு செய்தால் சந்தோஷம் போய்விடும்’ என்று நான் சொல்லப்போவதில்லை. ஆய்வில் பதில் சொன்னவர்கள் பெரியவர்கள், அதுவும் அமெரிக்கர்கள். ஏற்கெனவே மனக்குறையோடு இருந்தவர்கள்தான் கடைக்கு ஓடினார்களோ என்றும் கேட்கலாம். ஆனால் பண்டிகையின் நிறைவு செலவோடு சேர்ந்தே ஏறும் என்று நாமெல்லாம் நம்பிக்கொண்டிருக்கிறோமே, அந்த நம்பிக்கைக்கு இதில் ஆதரவு இல்லை. உங்கள் பயத்தில் பாதியை இறக்கி வைக்க இது போதும்.

மீதிப் பாதிக்கு, ‘இலவசம்’ என்று சொல்லப்படுவதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். மாலின் நடுக்கூடத்தில் இரண்டு மாடி உயரத்துக்கு மரம் வைத்து, கிறிஸ்துமஸ் தாத்தாவை நிறுத்தி, படம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அதற்குக் கட்டணம் கிடையாதுதான். ஆனால் அந்த மரத்தை வைத்ததே நீங்கள் அடுத்த கடைக்குள் நுழைய வேண்டும் என்பதற்காக. வண்டி நிறுத்தும் கட்டணத்தில் தொடங்கி ஐஸ்கிரீமில் முடிகிற இலவசம் அது. அதைவிடப் பெரிய குறை, அங்கே பிள்ளைக்கு ஒரு வேலையும் இல்லை; பார்க்கலாம், கேட்கலாம், கிடைக்காவிட்டால் அழலாம். பிள்ளை தன் கையால் செய்கிற, அல்லது தான் இல்லாமல் நடக்காது என்று உணர்கிற இலவசம் வேறு வகை. உங்கள் நேரத்தை அதற்குக் கொடுங்கள் என்பதுதான் என் யோசனை. வேடிக்கை பார்த்துவிட்டு வந்த பிள்ளைதான் அடுத்த வீட்டோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கும். வேலையில் இருக்கும் பிள்ளைக்கு அதற்கான நேரம் குறைவு.

குடிலிலிருந்து தொடங்குங்கள். இன்று களிமண் சொரூபங்களும் மின்விளக்கும் இல்லாமல் குடில் இல்லை என்று தோன்றுகிறது. ஆனால் 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அசிசி பிரான்சிஸ் அமைத்த குடிலில் இருந்தவை ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. பாலன் எவ்வளவு எளிமையில் பிறந்தார் என்பதை மக்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். எளிமையைக் காட்டப் பிறந்த வழக்கத்தைச் செலவுக் கணக்கில் எழுத வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. அட்டைப்பெட்டி, வைக்கோல் அல்லது காய்ந்த புல், தென்னை ஓலை, வீட்டில் இருக்கும் பழைய பொம்மைகள் போதும். மாட்டுக்குப் பதில் யானைப் பொம்மைதான் இருக்கிறதென்றால் யானையே நிற்கட்டும், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். குடிலைச் சுற்றிப் பச்சை வேண்டுமானால் ஒரு தட்டில் மண் பரப்பி வெந்தயமோ கேழ்வரகோ விதைத்து, தினமும் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பை மகனிடம் விடுங்கள். ஃபிரான்சின் புரோவென்ஸ் பகுதியில் டிசம்பர் 4-இல் கோதுமையை இப்படி விதைத்துப் பண்டிகைக்கு வளர்க்கிறார்கள். முளைப்பாரி வளர்க்கும் ஊர்க்காரர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. விதை வெடிப்பதற்கும் இலை விடுவதற்கும் இடையில் ஆறு வயதுப் பிள்ளை காத்திருக்கப் பழகுகிறது. திருவருகைக் காலம் முழுவதுமே காத்திருப்புக்காக ஏற்பட்டதுதானே.

நட்சத்திரத்துக்கும் இதே கதைதான். உலகெங்கும் பிரபலமான, பல முனைகள் கொண்ட மொரேவியன் நட்சத்திரம் 1830-களில் ஜெர்மனியின் நீஸ்கி ஊரில், மொரேவியன் சபையார் நடத்திய பள்ளியில், வடிவியல் பாடமாகப் பிறந்தது. அதாவது அது கடைக்கு வருவதற்கு முன் மாணவர்கள் கையில் இருந்தது. உங்கள் மகளுக்கு அவ்வளவு கடினமானது வேண்டாம். மூங்கில் சீவலிலோ துடைப்பத்து ஈர்க்குகளைச் சேர்த்துக் கட்டிய குச்சியிலோ பத்து எடுத்து, ஐந்தைந்தாக இரண்டு நட்சத்திரம் கட்டச் சொல்லுங்கள். இரண்டையும் முனைகளில் சேர்த்துக் கட்டி, நடுவில் ஐந்து சிறு குச்சிகளை முட்டுக்கொடுத்தால் உள்ளே இடம் விட்டு உப்பி நிற்கும். பழைய காலண்டர் தாளை மைதாப் பசையால் ஒட்டினால் முடிந்தது. உள்ளே சின்ன எல்இடி விளக்கு மட்டும் போடுங்கள். மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம்.

பாட்டுக்கும் காசு தேவையில்லை. இன்று உலகமெங்கும் பாடப்படும் ‘சைலன்ட் நைட்’ 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் ஊரில் முதன்முதலாகப் பாடப்பட்டபோது பக்கத்துணையாக இருந்தது ஒரு கிட்டார். உங்கள் சபையின் கேரல் ரவுண்ட்ஸில் பிள்ளைகளைச் சேர்த்துவிடலாம். இரவு வெகுநேரம் ஆகும் என்று தயங்கினால், மாலையிலேயே தெருவில் தனியாக இருக்கும் இரண்டு மூன்று முதியவர்கள் வீட்டு வாசலில் இரண்டு பாட்டுப் பாடிவிட்டு வரலாம். நாடகம் இன்னும் சுலபம். தோளில் ஒரு துண்டு, கையில் ஒரு கம்பு இருந்தால் மேய்ப்பன். பெட்ஷீட் இருந்தால் ராஜா. வசனம் பேச வெட்கப்படும் பிள்ளைக்கு ஆட்டுக்குட்டி வேடம் இருக்கவே இருக்கிறது.

வெளியே போக ஆசைப்பட்டால், ஊர் உங்களுக்கு வாய்த்திருக்கிறது. 1826-இல் கட்டப்பட்ட ஊசிக் கோபுர ஆலயம் பக்கத்திலேயே இருக்கிறது, தூய சவேரியார் பேராலயம் இருக்கிறது, ஒரு நாள் பயணமாகத் தூத்துக்குடிப் பனிமய மாதா கோயிலுக்கும் போய்வரலாம். கத்தோலிக்க ஆலயக் குடில்கள் பொதுவாக மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6-ஐ ஒட்டி வரை இருக்கும். எனவே 24, 25 நெரிசலில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகாமல் 26-க்குப் பிறகு போங்கள். அங்கேயும் வெறும் வேடிக்கை வேண்டாம். ஒவ்வொரு குடிலிலும் பெத்லகேமில் இருந்திருக்க முடியாத ஒரு பொருளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பொம்மை ரயிலோ தென்னை மரமோ சிமென்ட் பாலமோ நிச்சயம் அகப்படும். அதற்கு முன்பே ஒரு மொட்டைமாடி இரவும் உண்டு. மழைமேகம் விலகினால், டிசம்பர் நடுவில் இரவு எட்டு மணிக்குக் கிழக்குப் பக்கம் கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை மேலிருந்து கீழாக வரிசையாகத் தெரியும். டிசம்பர் 13, 14 தேதிகளை ஒட்டி ஆண்டுதோறும் ஜெமினிட் எரிகற்கள் உச்சத்துக்கு வரும். நட்சத்திரத்தைப் பார்த்து நடந்த ஞானிகளின் கதையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் வேறில்லை.

இதற்கெல்லாம் ஒரு நியாயமான மறுப்பு வரும். காசு மிச்சம், ஆனால் உழைப்பு முழுக்க அம்மாவுடையது, அதை இலவசம் என்று எழுதுவது அநியாயம் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்யப் புறப்பட்டால் 25-ஆம் தேதி காலை வீட்டில் சிரித்த முகத்தோடு ஒருவரும் இருக்க மாட்டீர்கள். இரண்டோ மூன்றோ போதும். ஒன்றை அப்பா பொறுப்பில் முழுதாக விட்டுவிட வேண்டும். ‘உதவி செய்கிறேன்’ என்று பக்கத்தில் நிற்பது போதாது. பிள்ளைகள் தூங்கியபின் கோணல் நட்சத்திரத்தை எடுத்து நேராக்கும் வேலையையும் விட்டுவிடுங்கள். மைக்கேல் நார்ட்டன் குழுவினரின் 2012 ஆய்வில், காகித மடிப்புப் பொம்மை முதலியவற்றைத் தாமே செய்தவர்கள் அவற்றைக் கைதேர்ந்தவர்கள் செய்ததற்கு ஈடாக மதித்தார்கள். வேலை முடியாமல் நின்றபோதோ, செய்தது கலைக்கப்பட்டபோதோ அந்தப் பற்று இருக்கவில்லை. ஆகவே பிள்ளையால் முடிக்கக்கூடிய சிறிய வேலையைக் கொடுங்கள், கோணல் அப்படியே தொங்கட்டும்.

‘பள்ளியில் மற்றப் பிள்ளைகள் சைக்கிள் வாங்கினேன் என்பார்களே’ என்ற கவலை இதனாலெல்லாம் மறைந்துவிடாது. கொஞ்சம் ஏக்கம் இருக்கத்தான் செய்யும். அதை மறைக்கக் கடன் வாங்க வேண்டாம். இந்த வருஷம் நம் கையில் இவ்வளவுதான் என்று பத்து வயது மகளிடம் நேரடியாகச் சொல்லலாம், அவளுக்குப் புரியும். பரிசே கூடாது என்பதல்ல. முடிந்தால் ஆளுக்கு ஒன்று, சிறியதாக. அதோடு பிள்ளைகளையும் கொடுப்பவர்களாக ஆக்கிப் பாருங்கள். கனடாவில் லாரா ஆக்னின் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயது நிரம்பாத குழந்தைகள் தின்பண்டத்தைப் பெற்றபோதைவிடக் கொடுத்தபோது முகம் மலர்ந்தார்கள். தங்கள் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது இன்னும் அதிகமாக. எனவே உங்கள் பிள்ளைகளும் தங்கள் பொம்மைகளில் ஒன்றை இன்னொரு குழந்தைக்குக் கொடுக்கட்டும்; அது உடைந்ததாக இருக்க வேண்டாம். எதைக் கொடுப்பது என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். வாங்கிக்கொள்ளும் குழந்தையோடு நிறுத்திப் படம் எடுக்காதீர்கள்.

அரையாண்டுத் தேர்வு பெரும்பாலும் டிசம்பர் 23-ஐ ஒட்டித்தான் முடியும், அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் எதற்கும் நேரம் இருக்காது. நட்சத்திரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடுங்கள். வெந்தயம் பச்சைப்பசேலென்று நிற்கப் பத்து நாள் வேண்டும். டிசம்பர் 14-ஆம் தேதியே விதைத்துவிடுங்கள்.