டிரில் சுற்றும், கம்ப்யூட்டர் எண்ணும்!

கம்ப்யூட்டர் மூலம் இயந்திரங்களை இயக்கும் முறைக்கு சி.என்.சி. என்று பெயர். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதுபற்றிக் கேட்டால், சுவரில் துளை போடும் டிரில் மெஷினை வைத்துத்தான் நான் விளக்கத் தொடங்குவேன். காரணத்தைப் பார்ப்போம்.

மில்லிங் மெஷினில் சுழலும் கட்டர், உலோகத்தைச் சீவி எடுக்கும். உலோகத்தைப் பிடித்திருக்கும் மேஜையை இடம் வலமாக, முன் பின்னாக, மேல் கீழாக நகர்த்தலாம். ஒவ்வொரு திசைக்கும் ஒரு நீளமான திருகு உண்டு. அதன் முனையில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் மேஜை நகரும்.

அமெரிக்காவில் 1938-ல் வெளிவந்த பிரிட்ஜ்போர்ட் மெஷினையும் அதே பாணியில் வந்த பல மெஷின்களையும் எடுத்துக்கொள்வோம். இவற்றில் கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் மேஜை 0.1 அங்குலம் உயரும். 10 அங்குலம் உயர்த்த 100 சுற்று! மேஜையின் கனம் முழுவதும் நம் தோளில்தான் இறங்கும். அதனால் பலர் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, அதே தண்டில் பொருந்தும் சாக்கெட்டை டிரில்லில் மாட்டிச் சுற்றுகிறார்கள். நிமிடத்துக்கு 400 சுற்று வேகத்தில் 100 சுற்றுக்கு 15 விநாடி போதும்.

செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. கட்டர் சுழலும் மோட்டாரை முதலில் நிறுத்துங்கள். டிரில், மேஜையை நகர்த்த மட்டுமே. உலோகத்தைச் சீவும்போது வேண்டாம்.

2. மேஜையின் பூட்டுகளைத் தளர்த்துங்கள். கைப்பிடி தண்டிலேயே இருந்தால் அதுவும் வேகமாகச் சுழன்று கையை அடித்துவிடும்.

3. டிரில்லைக் குறைந்த கியரில் வைத்து இரண்டு கைகளாலும் பிடியுங்கள். திருகு சிக்கிக்கொண்டால் டிரில் உங்கள் மணிக்கட்டைத்தான் முறுக்கும். கிளட்ச் உள்ள டிரில் என்றால் சிறிய எண்ணில் தொடங்கித் தேவையான அளவு மட்டும் கூட்டுங்கள்.

4. கையுறை, தளர்ந்த சட்டைக் கை கூடாது.

5. எல்லை வருவதற்குள் நிறுத்திவிட்டு, மீதியைக் கையாலேயே சுற்றுங்கள். வேகமாகப் போய் முட்டினால் திருகும் நட்டும் கெடும்.

இந்த ஐந்தாவது விதியில்தான் நம் பாடம் இருக்கிறது. டிரில்லுக்குப் பலம் உண்டு, கணக்குத் தெரியாது. எத்தனை சுற்று சுற்றினோம், எங்கே நிற்க வேண்டும் என்பது அதற்குப் புரியாது. எண்ணுவது நம் கண்தான்.

டிரில் இருந்த இடத்தில் ஸ்டெப்பர் மோட்டாரைப் பொருத்தினால் நிலைமை மாறுகிறது. பொதுவான ஸ்டெப்பர் மோட்டார் ஒரு முழுச் சுற்றை 200 சிறு அடிகளாக எடுத்துவைக்கும். ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகில் இதை நேரடியாக மாட்டினால், ஓர் அடிக்கு மேஜை 0.025 மில்லிமீட்டர் நகரும். பூஜ்யத்தில் நிற்கும் மேஜையை நிமிடத்துக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் 50-க்குப் போகச் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, 30 விநாடியில் 2000 அடிகளுக்கான மின்துடிப்புகளை அனுப்பச் செய்யும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனம் 1952-ல் மில்லிங் மெஷினை எண்களால் இயக்கிக் காட்டியபோது, துளையிட்ட காகித நாடாவில் கட்டளைகளைக் கொடுத்தார்கள். இன்று அவை ஃபைலாக இருக்கின்றன.

இதிலும் ஒரு குறை உண்டு. மேஜை சிக்கி மோட்டார் சில அடிகளைத் தவறவிட்டால், சாதாரண அமைப்பில் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. தவறான இடத்தைச் சரியான இடம் என்றே நினைக்கும். இதைத் தவிர்க்க, உண்மையான நகர்வை அளந்து சொல்லும் என்கோடர் என்ற கருவியைச் சேர்க்கிறார்கள்.

என்கோடரைப் பார்க்கத் தொழிற்சாலைக்குப் போக வேண்டாம். பல இங்க்ஜெட் பிரிண்டர்களின் மூடியைத் திறந்தால், மை பீய்ச்சும் பகுதி ஓடும் வழி நெடுக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டை தெரியும். அதிலுள்ள நுண்ணிய கோடுகளை எண்ணித்தான் பிரிண்டர் தன் இடத்தை அறிகிறது. அழுக்கு என்று நினைத்து அதைத் தேய்த்துவிடாதீர்கள். கோடு மறைந்தால் கணக்குத் தவறும், அச்சும் கோணலாகும்.