கேலிச்சித்திரமும் குடிமைக் கல்வியும்

குடியாட்சி நடைபெறும் நாட்டில் இளஞ்சிறார்க்கு ஆட்சிமுறையைக் கற்பித்தல் இன்றியமையாதது என்பதனை மறுப்பார் இலர். ஆயினும், மாணாக்கரைத் துயிலச் செய்வதில் அப்பாடத்திற்கு நிகரானது பிறிதொன்றில்லை என்பதும் யாம் பட்டறிந்த உண்மையே. குடியரசுத் தலைவர்க்கு 35 வயது நிரம்பியிருத்தல் வேண்டும் என்பது போன்றவற்றை நெட்டுருப் பண்ணினோம், தேர்வு எழுதினோம், மறந்தோம். இக்குறை நீங்குதற்பொருட்டுக் கேலிச்சித்திரங்களைத் துணைக்கொண்டு எழுதப்பெற்ற பாடநூல் ஒன்றனையும், அதனால் விளைந்த பூசலையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டி, என்.ஸி.ஈ.ஆர்.டி. என்னும் கல்விக் கழகத்தார் 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகட்கு அரசியல் நூல்களைப் புதியனவாக இயற்றுவித்தனர். சுகாஸ் பால்ஷீகர், யோகேந்திர யாதவ் என்னும் இருவரும் தலைமை அறிவுரைஞராயிருந்தனர். இந்நூல்களில் உண்ணி, முன்னி என்னும் இரு சிறார் ஏட்டின் ஓரத்தே தோன்றி, ஆசிரியரைக் கேட்க நாம் அஞ்சும் வினாக்களையெல்லாம் கூசாது கேட்பர். செய்தித்தாள்களில் வெளிவந்த கேலிச்சித்திரங்களும் ஆங்காங்கே இடம்பெற்றன. இம்முறை தமிழர்க்கு முற்றும் புதிதன்று. 1906-இல் தோன்றிய 'இந்தியா' இதழில் பாரதியார் ஆட்சியாளரை இடித்துரைக்கச் சித்திரத்தைக் கையாண்டனர் அன்றோ? ஆயின் அது வளர்ந்தோர்க்கு உரியது. பாடப்புத்தகத்தில், அதுவும் ஆள்வோரையே நகையாடும் படத்தை அரசினர் கழகமே அச்சிட்டுச் சிறுவர் கையிற் கொடுத்தது வியக்கத்தக்க துணிவு என்க.

11-ஆம் வகுப்பு நூலிலுள்ள ஒரு படமே பின்னர்ப் பெரும்புயலை எழுப்பியது. சங்கர் என்னும் ஓவியர் அதனை 1949-இல் வரைந்தார். அரசியலமைப்பு என்னும் பெயர் தாங்கிய நத்தையொன்று ஊர்ந்து செல்கின்றது. அதன்மேல் அண்ணல் அம்பேத்கர் சாட்டையுடன் அமர்ந்திருக்கின்றார். பின்னே நேரு தாமும் சாட்டையை ஓங்கி நிற்கின்றார். மக்கட் கூட்டம் வேடிக்கை பார்க்கின்றது. அரசியலமைப்பை ஆக்க ஏன் இத்துணைக் காலம் ஆயிற்று என்பது படத்தின் அருகே மாணாக்கரை நோக்கி எழுப்பப்பெற்ற வினா.

இவ்வினாவிற்கு விடை தேடுவார்க்கு நல்லதொரு புதையல் கிட்டும். 1946 டிசம்பர் 9-இல் அரசியல் நிர்ணய சபை கூடிற்று. 1949 நவம்பர் 26-இல் பணி முடிந்தது. அதற்கு முன்னாள் ஆற்றிய பேருரையில் அம்பேத்கர் காலத்தாழ்வு என்னும் பழியைத் தாமே எடுத்துக்கொண்டு விடை பகர்ந்தார். அமெரிக்கர் நான்கு திங்களில் முடித்தது மெய்யே. கனடாவோ 2 ஆண்டு 5 திங்களும், ஆஸ்திரேலியா 9 ஆண்டும் எடுத்துக்கொண்டன. நம் சாசனம் 395 உறுப்புக்களை உடையது. அமெரிக்கருடையது தொடக்கத்தில் ஏழே உடையது. அன்றியும், 7,635 திருத்தங்கள் அறிவிக்கப்பெற்று, அவற்றுள் 2,473 சபையின் முன் கொணரப்பெற்றன. கணக்கை நோக்குங்கால் நத்தை மெல்லச் சென்றதன் காரணம் புலனாகும். ஓவியரின் நகை முறையானதா என்று மாணாக்கனே தீர்ப்புக் கூறலாம். தலைவர்தம் சொல்லையும் ஓவியர்தம் நகையையும் எதிரெதிரே வைத்து எடைபோடும் இப்பயிற்சியை வெறும் வசனம் தரமாட்டாது.

2012 மே மாதத்தில் நாடாளுமன்றத்தில் தொல். திருமாவளவன் முதலாயினோர் இப்படத்தை வன்மையாய்க் கண்டித்தனர். தாழ்த்தப்பட்ட மக்களின் தலைவரை, சாசனத்தின் சிற்பியை, ஒருவர் சாட்டை கொண்டு அடிப்பதாகக் காட்டுவதோ என்பது அவர்தம் வினா. கல்வியமைச்சர் கபில் சிபல் வருத்தந் தெரிவித்து நூல்களைத் திரும்பப் பெறுவதாகக் கூற, அறிவுரைஞர் இருவரும் பதவி துறந்தனர். மறுநாள் பூனாவில் பால்ஷீகரின் அலுவலறை தாக்கப்பட்டது. அதன்பின், 1965-இன் இந்தி எதிர்ப்புப் பற்றி ஆர். கே. லக்ஷ்மண் வரைந்த வேறொரு படம், கிளர்ச்சி செய்த மாணவரை ஆங்கிலமும் அறியார் என்று எள்ளுவதாகத் தமிழ்நாட்டினர் சினந்தனர். தோரட் தலைமையில் அமைந்த குழு படங்கள் பலவற்றை நீக்கப் பரிந்துரைத்தது; அக்குழுவினரான எம். எஸ். எஸ். பாண்டியன் என்னும் தமிழறிஞர் ஒருவரே அதற்கு உடன்படாது தம் கருத்தை வேறாக எழுதினர். நத்தைப் படம் நூலினின்றும் மறைந்தது.

யாம் முதலிற் பாண்டியனார் பக்கமே முழுதும் நின்றோம். சினந்தவர் பாடத்தைப் படியாது படத்தை மட்டும் பார்த்தனர் என்று எளிதில் முடிவுகட்டினோம். எம் எண்ணத்தைக் கலைத்தவள் 8-ஆம் வகுப்பிற் பயிலும் எம் தங்கை. பழைய பதிப்பொன்றை அவள் முன் விரித்து, "என்ன காண்கின்றாய்?" என்றோம். "பின்னால் நிற்பவர் முன்னால் இருப்பவரை அடிக்க வருகின்றார், அக்கா" என்றாள். யாம் வாய்திறக்கவில்லை. நாடாளுமன்றத்தில் எழுந்த சொல் இதுவே அன்றோ? பள்ளியில் கோணிச் சாக்கின்மேல் தனியே அமர்த்தப்பட்டுத் தண்ணீர்ப் பாத்திரத்தையும் தொடலாகாது என்று விலக்கப்பட்ட சிறுவன் அம்பேத்கர். அவர்தம் மக்களுக்குச் சாட்டை என்பது உவமை அன்று. சங்கர் அதனை எண்ணி வரைந்தார் என்று யாம் கூறோம். 1957-இல் டில்லியில் சிறுவர் நூல்களுக்கென்றே அறக்கட்டளை நிறுவிய அன்புள்ளம் அவருடையது. ஆயினும் வரைந்தவர் கருத்து ஒன்று. காண்பவர் தழும்பு வேறொன்று. இதனைப் பாடநூல் வாய்விட்டுக் கூறவில்லை. எம் எண்ணத்தில், படத்தை நீக்கியது பிழை. கோணிச் சாக்கின் கதையை அதன் பக்கத்தே அச்சிடாததும் பிழையே.

அக்கதையையும் 7,635 திருத்தங்களின் கணக்கையும் தங்கைக்குச் சொல்லி, மறுபடியும் படத்தைக் காட்டினோம். நெடுநேரம் உற்று நோக்கினாள். "இவர் கையிலுந்தான் சாட்டை இருக்கின்றது, இருவரும் நத்தையைத்தான் ஓட்டுகின்றார்கள் போலும்" என்றாள். பின்னர்க் கூட்டத்தின்மேல் விரலை வைத்து, "இத்தனை பேர் நின்று சிரிக்கின்றார்களே, ஒருவராவது வந்து நத்தையைத் தள்ளக்கூடாதா, அக்கா?" என்று கேட்டாள்.