மால்டாச் சுரமும் ஆட்டுக் கொட்டிலும்

மத்தியதரைக் கடலின் நடுவேயுள்ள மால்டாத் தீவில் ஆங்கிலப் படையினரை நெடுங்காலம் வருத்திய சுரம் ஒன்றுண்டு. வாரக்கணக்காய் ஏறியும் இறங்கியும் உடலை உருக்குவது அது. அதற்குக் காரணமான கிருமியை டேவிட் புரூஸ் என்னும் இராணுவ வைத்தியர் 1887-ல் கண்டறிந்தார். கிருமி அகப்பட்டது, எனினும் அது எவ்வழியாக மனிதனைச் சேர்கின்றது என்பது பதினெட்டு ஆண்டுகள் புலப்படவில்லை.

1904-ல் புரூஸின் தலைமையில் ஓர் ஆராய்ச்சிக் குழு அமைந்தது. புழுதி, சாக்கடை, குடிநீர், கொசு என ஒவ்வொன்றையும் ஐயுற்றுச் சோதித்தும் துப்புத் துலங்கவில்லை. ஆடுகளின்மீதோ எவருக்கும் ஐயமில்லை. அவை நோயின் குறியேதுமின்றி இருந்தன. அவற்றை வாயில்தோறும் ஓட்டிச் சென்று அங்கேயே கறந்து கொடுப்பது அத்தீவின் வழக்கம். கண்முன் கறந்த பாலினும் தூயது வேறு யாது என்று மக்கள் எண்ணியதில் வியப்பென்ன?

1905-ல் குழுவைச் சேர்ந்த தெமிஸ்டொக்கிளிஸ் ஸாமிட் என்னும் மால்டா நாட்டு வைத்தியர், சோதனைக்கென வாங்கிய ஆறு ஆடுகளின் இரத்தத்தை, கிருமியை ஊட்டுமுன்பே ஆராய்ந்தார். இச்சிறு முன்னெச்சரிக்கையை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். நோய்ப்பட்ட உடலின் இரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கும் நீரைக் கிருமிகள் மிதக்கும் திரவத்தோடு கலந்தால், அக்கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியிற் படியும். நோய்படாத உடலின் நீராயின் அவ்வாறு நிகழாது. ஆறில் ஐந்து ஆடுகளின் இரத்தம் கிருமிகளைத் திரளச் செய்தது! சோதனை தொடங்குமுன்னரே கொட்டிலில் நோய் குடிபுகுந்திருந்தது. அன்று அவ்வாறு பாராது விட்டிருப்பின், பின்னர்க் காணும் குறிகளையெல்லாம் தாம் ஊட்டிய கிருமியின் விளைவென்றே கொண்டிருப்பாரன்றோ? இந்நாளில் சோதனைச்சாலைக்குப் புதிதாக வரும் பிராணிகளைச் சில நாள் தனியே வைத்து, இரத்தமும் மலமும் சோதித்த பின்னரே மற்றவற்றோடு சேர்ப்பதன் காரணம் இதனால் விளங்கும்.

அடுத்துப் பாலிலும் அக்கிருமி காணப்பட்டது. தீவின் மந்தைகளை ஆராய்ந்தபோது, ஏறக்குறையப் பாதி ஆடுகள் நோய்ப்பட்டவை என்றும், பத்தில் ஒன்று பாலின் வழியே கிருமியை வெளியிடுகின்றதென்றும் தெரிந்தது. அவ்வாண்டே மால்டா ஆடுகளை அமெரிக்காவுக்கு ஏற்றிச் சென்ற கப்பலில், அவற்றின் பாலைப் பருகிய மாலுமிகள் பலர் சுரத்தில் வீழ்ந்தனர். மனிதரை வைத்துச் செய்யத் துணியாத சோதனையைக் கடற்பயணம் தானே செய்து முடித்தது.

1906-ல் படைவீரர்க்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் நோயுற்ற பாளையத்தில் சுரம் விரைவில் அருகிற்று. ஊர்மக்களுக்கோ அத்தடை இல்லை. ஆட்டிடையரின் பிழைப்பு அப்பாலே. காய்ச்சிக் குடிக்கும் வழக்கமும் எளிதில் வேரூன்றவில்லை. ஆகவே பாளையத்தை விட்டகன்ற சுரம் அவர்தம் வீடுகளில் மேலும் பல்லாண்டு தங்கிற்று.